ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜிபிஎஸ் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் 32 விழுக்காட்டினர் மட்டுமே. பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அது 50 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த மாற்றத்தோடு அதிகம் பேசப்படுவது, ஈஏபி என்னும் கல்வி ஆலோசனை நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு 2012இல் தொடங்கப்பட்ட ஜிபிஎஸ் (பட்டம், முன்னேற்றம், வெற்றி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்) ஆலோசனைச் சேவை.

பத்தாண்டு காலத்து மாணவர்களின் ஏறத்தாழ 25 லட்சம் பாட மதிப்பெண்களை ஆராய்ந்து, படிப்பு தடம் புரள்வதற்கு முன்னறிகுறியாக அமையும் எண்ணூறுக்கும் மேற்பட்ட செயல்களை அடையாளம் கண்டு, அவற்றில் ஏதேனும் ஒன்று ஒரு மாணவரின் பதிவில் தென்படுகிறதா என்று இச்சேவை ஒவ்வோர் இரவும் பார்க்கிறது. பட்டத்துக்கு உதவாத பாடத்தில் பதிவு செய்வதும் அறிகுறிதான். தம் முதன்மைத் துறையின் முதல் பாடத்தில் ‘சி’ என்னும் நடுத்தரத் தரநிலை வாங்குவதும் அறிகுறிதான். அரசியல் அறிவியலின் முதல் பாடத்தில் ‘சி’ பெற்றவர்களில் உரிய காலத்தில் பட்டம் முடித்தோர் நான்கில் ஒரு பங்கினரே என்று பழைய தரவுகள் காட்டின. அதுவரை ‘சி’ என்றால் தேர்ச்சி என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆயினும் இச்சேவையின் உயிர் மென்பொருளில் இல்லை என்பதே என் கணிப்பு. எச்சரிக்கை வந்ததும் மாணவரை அழைத்துப் பேச ஆள் வேண்டும் என்பதால் பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தது. ஓர் ஆலோசகருக்கு எழுநூறு மாணவர் என்றிருந்த நிலை முந்நூறு என்றானது. செலவின் பெரும்பகுதி இதற்கே போகிறது, போகவும் வேண்டும்.

இதைவிட என்னைக் கவர்ந்தது 2011இல் தொடங்கிய பேந்தர் நிதியுதவி. சில நூறு டாலர் கட்டண நிலுவைக்காகப் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களைத் தரவின் வழியே பல்கலைக்கழகமே கண்டறிந்து, விண்ணப்பம் கேட்காமல், சராசரியாக 900 டாலர் அளவில் அந்த நிலுவையைத் தீர்த்துவைத்தது. கேட்கக் கூசும் மாணவருக்கு இதைவிட நாகரிகமான உதவி கிடையாது. மாணவரின் கேள்விகளுக்குக் குறுஞ்செய்தியில் தானே பதில் சொல்லும், 2016இல் வந்த ‘பவுன்ஸ்’ என்னும் மென்பொருளும் பயனுள்ளதே: இடம் உறுதியாகியும் சேராமல் கோடை விடுமுறையில் நழுவிவிடுவோரை அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது.

குறையும் உண்டு. ஆலோசகர் நியமனம், நிதியுதவி, முதலாண்டு மாணவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒரே பாடங்களைப் படிக்கும் குழுக் கல்வி எல்லாம் அடுத்தடுத்து நடந்ததால், வெற்றியில் மென்பொருள் கணிப்பின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல இயலாது. ஆபத்து என்ற முத்திரை ஒரு மாணவரைக் கடினமான துறையிலிருந்து எளிய துறைக்குத் தள்ளிவிடவும் கூடும். அதே நிறுவனத்தின் மென்பொருளை வாங்கிய வேறு சில பல்கலைக்கழகங்களின் கணிப்பில் மாணவரின் இனமும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்ததை ‘தி மார்க்கப்’ இதழ் 2021இல் வெளிக்கொணர்ந்தது. ஆகவே இத்தகைய சேவையை வாங்க நினைக்கும் நிர்வாகம், கணிப்பில் சேரும் காரணிகளின் முழுப் பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெறுவதோடு, ஆலோசகர் சம்பளத்துக்கான தொகையையும் அதே நிதியறிக்கையில் ஒதுக்க வேண்டும். அந்தத் தொகை இல்லையென்றால் மென்பொருளை வாங்காமலிருப்பதே நல்லது.