தட்டில் கணவாய் அலகு, ரிப்போர்ட்டில் கணவாயே இல்லை: டிஎன்ஏ உணவு ஆய்வுச் சேவை பற்றி

ஐந்துக்கு மூன்று. கடற்பறவை எச்சத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் நாலரை போட்டிருப்பேன், சூரை மீன் இரைப்பைக்கு மட்டும் என்றால் ஒன்றரை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மூன்று வருகிறது, அவ்வளவுதான் கணக்கு.

லேப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் மாட்டிக்கொண்ட விஷயம் இந்தச் சேவையை விற்கிற யாரிடமும் நடக்கக்கூடியது, அதனால் பெயரைவிட விஷயம் முக்கியம். சேவை இதுதான்: கடலில் வேட்டையாடுகிற ஒரு மீனின் இரைப்பையில் கிடப்பதையோ ஒரு பறவையின் எச்சத்தையோ குப்பியில் போட்டு அனுப்புகிறோம், அதில் கலந்து கிடக்கிற டிஎன்ஏ துண்டுகளைப் படித்து இது என்னென்ன தின்றது என்று பட்டியல் அனுப்புகிறார்கள். மெட்டாபார்கோடிங் என்பார்கள்.

வயிற்றைக் கிளறி என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். கடலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்க வலை போட்டால், வலைக்கு அகப்படுவதுதான் தெரியும். வேகமான கணவாய் வலையைக் கண்டதும் விலகிவிடும், சொறிமீன் வலையிலேயே கூழாகிவிடும். சூரை மீன் அப்படி இல்லை, பிடித்தால்தான் அதற்குச் சாப்பாடு, அதனால் நம்மைவிட நன்றாகப் பிடிக்கும். ராட்சதக் கணவாய்களிலேயே எடை அதிகமான கொலோசல் கணவாயை அறிவியல் முதலில் விவரித்தது 1925இல், அதுவும் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளை மட்டும் வைத்து. லான்செட் மீன் என்று ஆழ்கடலில் ஒன்று இருக்கிறது, அதன் இரைப்பையில் இரை பெரும்பாலும் செரிக்காமல் முழுசாகவே கிடக்கும், திறந்தால் ஆழ்கடலின் ஒரு துண்டையே எடுத்துப் பார்த்த மாதிரி. நான் அனுப்பியது அவ்வளவு அரிதானதெல்லாம் இல்லை, மஞ்சள் துடுப்புச் சூரையின் இரைப்பைகள், அப்புறம் பாறைகளில் சுரண்டி எடுத்த பறவை எச்சம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாம்பிள் எப்படி எடுக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய குறிப்பு அருமை. 95 சதவீத எத்தனால், சாம்பிளைப்போலப் பல மடங்கு அளவு, ஒவ்வொரு இரைப்பைக்கும் புதுக் கத்தி, எச்சம் என்றால் தரையில் படாத மேல்பகுதி மட்டும், வெயிலில் காய்வதற்குள். என்னிடம் ஃபார்மலினில் போட்ட பழைய பாட்டில்கள் சில இருந்தன, அதையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், காசு வாங்கிக்கொண்டு வெற்றுத்தாள் அனுப்ப எங்களுக்கு விருப்பமில்லை என்றார்கள். இந்த நேர்மைக்குத் தனியாக அரை ஸ்டார் கொடுக்கலாம்.

அனுப்புவதற்கு முன்னால் நான் பழைய முறையிலும் ஒருதடவை பார்த்துவிட்டேன், இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இந்த விமர்சனமே இல்லை. இரைப்பையில் இருப்பதைச் சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பது. நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டாம். பாதி செரித்த சதை, மீன்களின் காதுக்கற்கள், குட்டி நண்டு வடிவங்கள், அப்புறம் கணவாயின் அலகுகள். கிளி மூக்கு மாதிரி கறுப்பாக வளைந்திருக்கும், கைட்டின் என்பதால் லேசில் செரிக்காது. அலகின் நீளத்தை அளந்தால் கணவாய் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுவிடலாம். மால்கம் கிளார்க் என்ற விஞ்ஞானி ஸ்பெர்ம் திமிங்கல வயிறுகளில் கிடைத்த அலகுகளை வைத்தே எங்கெங்கே என்னென்ன கணவாய் வாழ்கிறது என்று நிறையக் கண்டுபிடித்தார். என் தட்டிலும் பல இரைப்பைகளில் அலகு இருந்தது, எண்ணி எழுதி வைத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. எக்செல் ஃபைல், கூடவே கலர் கலராக வட்டப் படங்கள். சூரை பக்கத்தைத் திறந்தால் வட்டத்தின் பெரும்பகுதி ஒரே நிறம், பெயர் மஞ்சள் துடுப்புச் சூரை. என் சூரை சூரையையே தின்றதாம். மிச்சம் கொஞ்சம் சின்ன மீன்கள். கணவாய்? பூஜ்யம். ஒரு இரைப்பையில்கூட இல்லை.

தட்டில் அலகு கிடந்தது, கையால் எடுத்து எண்ணியிருக்கிறேன், எப்படி இல்லாமல் போகும் என்று மெயில் போட்டேன். பதில் இரண்டு வரி: அடிப்படை பேக்கேஜில் மீன் பிரைமர் மட்டும்தான், கணவாய் வேண்டுமென்றால் தனி பிரைமர், நீங்கள் கேட்கவில்லை.

பிரைமர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குவியலாகக் கிடக்கும் டிஎன்ஏவில் எதை நகலெடுக்க வேண்டும் என்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற சின்னத் துண்டு அது, ஒட்டாததை மிஷின் பார்க்கவே பார்க்காது. இவர்கள் போட்டது மைஃபிஷ், 2015இல் வெளிவந்தது, மீன்களின் 12எஸ் மரபணுவில் சுமார் 170 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைப் பிடிக்கும். மீனுக்கு அது பிரமாதம், கணவாய்க்கு அது ஒட்டாது. சரி, மீன் தின்னும் மீனுக்கு இன்னொரு வம்பும் இருக்கிறது. பறவையின் எச்சத்தில் மீன் டிஎன்ஏ இருந்தால் அது இரைதான், சூரையின் இரைப்பையிலோ மீன் பிரைமர் முதலில் பிடிப்பது சூரையின் இரைப்பைச் சுவரையே. அதைத் தடுக்க பிளாக்கிங் பிரைமர் போடுவார்கள், அதுவும் அடிப்படையில் கிடையாது. போட்டாலும் நெருங்கிய உறவு மீன்கள் சேர்ந்து மறைந்துபோகும், அதுவும் போக அந்த 170 எழுத்தை வைத்துச் சூரை வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதே கஷ்டம். ஆகவே என் சூரை உண்மையிலேயே ஒரு சூரைக்குஞ்சை விழுங்கியிருந்தாலும் இந்த ரிப்போர்ட்டால் சொல்ல முடியாது.

என் கோபம் தொழில்நுட்பத்தின் மேல் இல்லை. படிவத்தில் "உணவு ஆய்வு, அடிப்படை" என்று போட்டிருக்கிறார்கள், "மீன்கள் மட்டும்" என்று போடவில்லை. இந்த எக்செலை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டு இந்தக் கடலில் கணவாய் குறைந்துவிட்டது என்று எழுதிவிட மாட்டார் என்று என்ன நிச்சயம்?

பறவை எச்சத்துக்கு நான் பெரிய பேக்கேஜ் எடுத்திருந்தேன், மீன் பிரைமரோடு பொதுவாக எல்லா விலங்குகளையும் பிடிக்கிற இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கம் சந்தோஷமாக இருந்தது. சொறிமீன் வந்திருந்தது! எலும்பும் இல்லை அலகும் இல்லை, வயிற்றில் போன வேகத்தில் கரைந்துவிடும், அதனால் பழைய முறையில் அதைப் பார்க்கவே முடியாது. அடெலி பெங்குவினும் ஆல்பட்ராஸும் சொறிமீன் தின்பது நினைத்ததைவிட சகஜம் என்று தெரிந்ததே எச்சத்து டிஎன்ஏவைப் படித்த பிறகுதான். சல்லடையோடு நான் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

அதே பட்டியலில் கோபிபாட் இருந்தது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டி உயிர். பறவை அதைக் கொத்தித் தின்றது என்றா எடுத்துக்கொள்வது? மீன் கோபிபாடைத் தின்றது, பறவை மீனைத் தின்றது, இரண்டும் ஒரே எச்சத்தில். ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக்குறி போட்டு எச்சரித்திருக்கலாம். வட்டப் படங்களையும் தூக்கிவிடச் சொல்வேன், துண்டுகளின் எண்ணிக்கை அதிகம் என்பதற்காக அந்த இரையை எடையிலும் அதிகமாகத் தின்றது என்று ஆகாது. எத்தனை சாம்பிளில் வந்தது என்று பார்ப்பதுதான் ஓரளவு நம்பகம், அந்தக் கணக்கை நானே உட்கார்ந்து போட்டேன்.

பெயர்களில் ஒன்று உறுத்தியது. ஃபிஷ்பேஸ் என்கிற இணையத் தரவுத்தளத்தில் தேடினேன் (35,000க்கும் மேல் மீன் இனங்கள், எது எங்கே வாழ்கிறது என்பதோடு, இலவசம், அதற்கு ஐந்துக்கு ஐந்து), அந்த மீன் வேறொரு பெருங்கடலில் மட்டும் இருப்பது. இங்குள்ள உறவு மீனின் டிஎன்ஏ தரவுத்தளத்தில் இல்லாததால் கிட்டத்தில் இருந்த பெயரை மிஷின் ஒட்டிவிட்டிருக்கிறது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் பேரினம் வரைக்கும் மட்டும் என்று மாற்றி, முழுப் பட்டியலையும் மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. வெற்றுச் சாம்பிளின் (வெளியிலிருந்து ஏதாவது டிஎன்ஏ கலந்ததா என்று பார்க்க, எச்சமோ இரைப்பையோ போடாமல் ஓட்டுவது) முடிவையும் கேட்டேன், இரண்டே நாளில் வந்தது, மனுஷன், கோழி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, அது எல்லா லேபிலும் சகஜம். கேட்காமலே அனுப்பியிருக்கலாம்.

கடைசியில் ஐசோடோப் ஆய்வும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பது) சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விற்பனைப் பேச்சு என்றாலும் யோசனை தப்பில்லை. உணவுச்சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 அளவு கூடும், தசையில் பார்த்தால் நேற்றைய சாப்பாடு இல்லாமல் கடந்த சில வாரங்கள், மாதங்களின் கதை தெரியும். இனத்தின் பெயர் மட்டும் சொல்லாது.

எச்சம் வைத்திருப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம், பெரிய பேக்கேஜில். மீன் இரைப்பை வைத்திருப்பவர்கள் முதலில் தட்டில் கொட்டிப் பாருங்கள், அப்புறம் எந்த பிரைமர், அது எதைப் பார்க்காது, பிளாக்கிங் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் சூரை சாம்பிளின் மிச்சத்தைக் கணவாய் பிரைமருக்காக அங்கேயே மறுபடி அனுப்பியிருக்கிறேன். படிவத்தைப் பார்த்தேன், இன்னும் "உணவு ஆய்வு, அடிப்படை" என்றுதான் இருக்கிறது.