நியூ வேகாஸ் ஹார்ட்கோரா, ஃபால்அவுட் 4 சர்வைவலா?

நியூ வேகாஸும் ஃபால்அவுட் 4-உம் ஃபால்அவுட் வரிசை வீடியோ கேம்கள்; ஹார்ட்கோரும் சர்வைவலும் அவற்றின் கடினமான ஆட்ட முறைகள். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் பலரும் எதிரி அடிக்கும் அடியைத்தான் பார்க்கிறார்கள். செத்தால் எத்தனை நிமிட ஆட்டம் வீணாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஃபால்அவுட் 4 சர்வைவல்தான் கடினம்.

2010-இல் வந்த நியூ வேகாஸின் ஹார்ட்கோரில் பசி, தாகம், தூக்கமின்மை மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. எது 1000-ஐத் தொட்டாலும் மரணம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் உணவும் தண்ணீரும் தாராளமாகக் கிடைப்பதால் சில மணி நேரத்தில் பழகிவிடும். அங்கே ஆளைக் கொல்வது வேறு. ஸ்டிம்பாக் என்ற மருந்தூசி உடனே குணமாக்காது, மெல்லத்தான் உயிர் ஏறும். உயிர் பாதியாகக் குறையும்போதே போட்டுவிடுங்கள். உடைந்த கைகாலுக்கு அது உதவாது, டாக்டர்ஸ் பேக் என்ற மருத்துவப் பை வேண்டும். கூட வரும் துணை செத்தால் செத்ததுதான்.

அடுத்தது கவசக் கணக்கு. டெத்கிளா என்ற ராட்சத விலங்கின் தோல் ஒவ்வொரு குண்டின் அடியிலிருந்தும் 15 புள்ளியைக் கழித்துவிடும். சிறிய துப்பாக்கியால் சுட்டால் 20 சதவீத அடிதான் உள்ளே போகும். கவசம் துளைக்கும் குண்டு இல்லாமல் ஆட்டம் தொடங்கும் ஊரான குட்ஸ்பிரிங்ஸிலிருந்து, டெத்கிளாக்கள் உலவும் நேர் வடக்கே போகாதீர்கள். பிரிம், நிப்டன், நோவாக் என்று தெற்கே சுற்றிப் போகும் பாதைதான் புதியவருக்கானது. செத்தாலும் கவலையில்லை, நினைத்த இடத்தில் சேவ் செய்துகொள்ளலாம்.

2015-இல் வெளியான ஃபால்அவுட் 4-க்கு 2016-இல் புதுப்பித்து வந்த சர்வைவலில் அந்த வசதி கிடையாது. தூங்கினால்தான் சேவ் ஆகும். ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது ஆகும் சேவை ஒருமுறைதான் திறக்க முடியும். வரைபடத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து உடனே அங்கே போகும் வேகப் பயணமும் இல்லை. நாற்பது நிமிடம் நடந்து, கடைசியில் கவனிக்காத ஒரு கண்ணிவெடியை மிதித்தால் அத்தனையும் போச்சு. எதிரிகளைக் கொல்லக் கொல்ல அட்ரினலின் ஏறி உங்கள் அடி வலுக்கும், தூங்கினால் இறங்கும். சேவா, வலுவா என்ற இந்த இழுபறி அருமையான வடிவமைப்பு.

முதலில் செய்ய வேண்டியது, போகும் வழியிலுள்ள குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில் போடுவது. கட்டிலே நல்லது, தரைப்படுக்கையில் நீண்ட நேரம் தூங்க முடியாது, நோயும் எளிதில் தொற்றும். காலி பாட்டில்களை விற்காமல் முதல் குடியிருப்பான சாங்சுவரியில் கைப்பம்பு அமைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். ஆற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். ராட்அவே என்ற மருந்து உடலில் ஏறிய கதிர்வீச்சை எடுத்தாலும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும், அதனால் ஆன்டிபயாடிக் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: சர்வைவலைவிட்டு எளிய நிலைக்கு இறங்கினால் அதே ஆட்டத்தில் திரும்ப ஏற முடியாது.