கொல்லையா, மொட்டை மாடியா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 18 அடிக்கு 25 அடி கொல்லை இருக்கிறது. மேலே ஏறக்குறைய 600 சதுர அடி மொட்டை மாடி. ஒன்பது வருடமாக இரண்டிலும் செடி வைக்கிறேன். "புதுசா ஆரம்பிக்கப் போறேன் அக்கா, கீழ வைக்கட்டுமா, மேல வைக்கட்டுமா?" என்று யாராவது கேட்டால், "எந்த மாசம் ஆரம்பிக்கப் போற?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஆடியில் கொல்லை கொடுப்பதை மாடி கொடுக்காது. ஐப்பசி மழையில் மாடி காப்பாற்றுவதைக் கொல்லை காப்பாற்றாது. சித்திரை வந்தால் மறுபடி கொல்லைதான். ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதமும் எல்லாவற்றையும் வளர்க்கப் பார்ப்பவர்கள்தான் முதல் வருடத்திலேயே மனம் விட்டுப்போகிறார்கள்.

ஆடியில் இருந்து தொடங்குகிறேன். வழக்கம்போல ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், கொஞ்ச நாளில் கொல்லைக் கிணற்றிலும் நீர் மேலேறும். அந்த ஈரத்தோடு ஆடி பிறக்கும்போது அவரை, புடலை, பீர்க்கு, பாகல் எல்லாம் ஊன்றிவிடலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். கூடவே "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்றும் ஒன்று இருக்கிறதே, மாடியில் பந்தல் போடுபவர்கள் அதையும் நினைவில் வைக்க வேண்டும். மாடியில் காற்றைத் தடுக்க எதுவுமே கிடையாது. மூங்கில் நட்டு நைலான் வலை கட்டி ஏற்றிவிட்ட பீர்க்கங்கொடி ஒரே ராத்திரியில் வலையோடு சுருண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாடியில் செடி வைத்திருக்கும் வளர்ப்புப் பையின் மண்ணையும் காற்று சீக்கிரம் உலர்த்திவிடும். ஆடி மாதத்தில் வெயில் குறைந்த நாளில்கூட மாடிக்கு இரண்டு வேளை தண்ணீர் தேவைப்படுவது இதனால்தான்.

பந்தல் அவரை விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரியது. நாட்டு அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் கொடியும் இலையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். அத்தனை மாதம் அதற்குச் சாப்பாடு போட மண் வேண்டாமா? 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வளர்ப்புப் பையில் 22 லிட்டர் மண்தான் பிடிக்கும். ஒரு வருடம் ஒரே நாளில், ஒரே விதையைக் கீழே மூன்று, மேலே மூன்று ஊன்றினேன். புரட்டாசியிலேயே மேலே இருந்தவற்றின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. பிறகு பூத்தது, காய்த்தது, ஆனால் கொத்துக்கு நாலைந்து காய்தான். கீழே இருந்த கொடி பந்தலை மூடி, பக்கத்து வீட்டு மதிலையும் தாண்டிப் போனது. தை மாதம் முழுக்க எங்கள் தெருவில் பாதி வீட்டில் அவரைக்காய்ப் பொரியல். ஆகவே நீண்ட காலக் கொடிக்கு மாடி வேண்டாம் என்பதே என் முடிவு. வேறு வழியே இல்லை என்றால் 24 அங்குலப் பையாவது வேண்டும்.

சரி, மழைக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து மண் களி. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் சட்டியில் ஊற்றிய மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் கொல்லைப் பாத்தியில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். நான் பெரிதாக இழந்தது மிளகாயில்தான். பிஞ்சும் காயுமாக நின்ற செடிகள் மழை விட்ட மறுநாள் தலை தொங்கிப் போயின. தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு வாட்டம். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இழுத்ததும் வேரின் மேல்தோல் ஈரநூல் மாதிரி கையோடு உருவிக்கொண்டு வந்தது, நடுவில் வெள்ளை நரம்பு மட்டும் நின்றது. சாக்கடை வாடை. வேருக்கும் காற்று வேண்டும், தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகிவிடும் என்று படித்ததை அன்றைக்குத்தான் கையில் பார்த்தேன்.

என் மாமியார் அப்போது சொன்னார்: "பள்ளத்துல நட்டுட்டு மழையத் திட்டாதம்மா. மேட்டுல நடு, நடுவுல வாய்க்கா விடு." அதன்பிறகு ஆவணியிலேயே முக்கால் அடி உயரத்துக்குக் கரை கட்டி, அதன் மேல்தான் கத்தரியும் செண்டுமல்லியும் வைக்கிறேன். கத்தரி தாங்குகிறது. மிளகாயும் தக்காளியும் மேட்டிலும் எனக்குச் சரிப்படவில்லை.

இந்த இரண்டையும் மாடிக்கு மாற்றியபோதுதான் மழைக்காலத்தில் மாடியின் அருமை தெரிந்தது. அடியிலும் பக்கத்திலும் ஓட்டை உள்ள பையில் தண்ணீர் நிற்க வழியே இல்லை. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலப்பது பொதுவான வழக்கம். மழைக்காலப் பைக்கு நான் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்துக்கு ஆற்று மணல் சேர்ப்பேன். நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். கோடையில் அந்தக் குணம் வரம், அடைமழையில் அதுவே பாரம். கட்டியாக வாங்கும் நார்க்கழிவை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றிவிட்டுத்தான் கலக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, இலை நுனி கருகுகிறதே என்று உரத்தைக் கூட்டுகிறவர்கள் நிறைய.

மாடியிலும் மழைக்கு ஒரு விலை உண்டு. பையிலிருக்கும் சத்தைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரமோ, லிட்டருக்கு 30 மில்லி கணக்கில் பஞ்சகவ்யமோ கொடுக்காவிட்டால் செடி வெளுத்துவிடும். இன்னொன்று வடிகால். காய்ந்த இலை போய் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கி, கீழ் அறைக் கூரையில் ஈரத்திட்டு படர்ந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. இப்போது ஒவ்வொரு பையும் செங்கல் மேல் இருக்கிறது, குழாய் வாயில் கம்பி வலை இருக்கிறது, புரட்டாசியில் ஒரு நாள் முழுக்க மாடியைப் பெருக்குவதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதை நினைப்பதே இல்லை. ஏறி நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்ற கணக்கில் வடிவமைக்கச் சொல்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரக்குறியீடு. நனைந்த 12 அங்குலப் பை ஒன்று லேசான கலவையிலேயே 20 கிலோவைத் தாண்டும், வெறும் மண் என்றால் 30 கிலோவுக்கு மேல். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பையை ஒட்டி ஒட்டி வைத்தால் கணக்கு மீறிப்போகிறது. அதனால் பைகளை நடு மாடியில் குவிக்காமல் சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி, இடைவெளி விட்டு வையுங்கள். பழைய வீடாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். கொல்லையில் இந்தக் கவலை ஒன்றுமே இல்லை.

மார்கழியில் மாடிக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது, அதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. சித்திரையில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வரும், மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். எங்கள் கொல்லைக்குத் தெற்கே 20 அடி உயரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். மார்கழி உச்சிவேளையில்கூட அதன் நிழல் பதின்மூன்று, பதினாலு அடி நீளம் விழுகிறது. 18 அடிக் கொல்லையில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். முள்ளங்கி வைத்தால் இலைதான் மண்டும், கிழங்கு பென்சில் கனம்தான். மாடியில் அதே முள்ளங்கி 45 நாளில் பறிக்கிற பருவம். தக்காளியும் அப்படித்தான். கார்த்திகையில் நாற்றை மாடிப் பையில் நட்டால் தை, மாசி இரண்டு மாதமும் கடைத் தக்காளி வாங்க வேண்டியதில்லை. அந்த நிழலிலும் கொல்லையில் சந்தோஷமாக இருப்பவை கனகாம்பரமும் டிசம்பர் பூவும். மார்கழிக் காலையில் கோலம் போட்டு நிமிரும்போது ஊதா நிறத்தில் டிசம்பர் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால், கீழே அந்த மாதம் வேறெதுவும் விளையவில்லையே என்ற குறையே வராது.

மாசி போய்ப் பங்குனி வந்ததும் மாடியின் நல்ல காலம் முடிந்துவிடுகிறது. சித்திரை மதியம் மூன்று மணிக்கு மாடிக்குப் போய்ப் பையின் மேற்குப் பக்கமாக இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாது. கீழே தளத்தின் சூடு, பக்கத்தில் வெயில், நடுவில் வேர். அந்தப் பக்கத்து வேர்கள் பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். 50 சதவீத நிழல் வலை கட்டி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினால் செடி உயிரோடு இருக்கும். காய்க்குமா என்றால், தக்காளி காய்க்காது. அந்தச் சூட்டில் பூ நிற்காமல் உதிர்ந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பையின் விளிம்பில் வெள்ளைப் படலமும் சேரும்.

அதே மதியம் கொல்லையில், தென்னை மட்டையும் வாழைச் சருகும் அரை அடிக்கு மூடாக்குப் போட்ட பாத்தியை விலக்கினால் மண் குளிர்ந்து, மண்புழு நெளிகிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். மாசியில் போட்ட வெண்டையும் கொத்தவரையும், தண்டுக்கீரையும் எங்களுக்குக் கோடை முழுக்கச் சமையலுக்குப் போதும். வெண்டையில் மட்டும் வெள்ளை ஈயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடிப்பது ஈயைக் குறைக்கும், வந்துவிட்ட நோயைக் குணமாக்காது.

பூச்சி, பிராணித் தொல்லையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். கீழே நத்தை, பெருச்சாளி. மேலே அணில், குரங்கு, மாவுப்பூச்சி. கொல்லையில் அதிகம் தொல்லை தரும் பெரிய வினை வேர்முடிச்சு நூற்புழு. கத்தரியைப் பிடுங்கும்போது வேரில் சின்னச் சின்ன முடிச்சாக இருந்தால், அந்த இடத்தில் அடுத்த பருவம் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம். நெருக்கமாகச் செண்டுமல்லி வையுங்கள், நூற்புழு குறையும், பூசைக்குப் பூவும் ஆச்சு. மாடியில் இதற்குச் சுலபமான வழி உண்டு. பழைய பை மண்ணை அக்னி நட்சத்திர நாட்களில் தளத்திலேயே பரப்பி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டால் வெயிலே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். சித்திரை மாடியால் எனக்குக் கிடைக்கும் ஒரு உபயோகம் இது.

பூவில் நான் முடிவை மாற்றிக்கொண்டது குண்டுமல்லிக்காக. தரையில்தான் நன்றாக வரும் என்று கொல்லையில் இரண்டு வருடம் வைத்திருந்தேன், புதராக வளர்ந்தது, மொட்டு குறைவு. மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. இரண்டும் எங்கள் கொல்லையில் இல்லை. மாடியில் 18 அங்குலப் பைக்கு மாற்றி, நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்து, இலைகளையும் உருவிவிட்டேன். பங்குனியில் இருந்து ஆனி வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டுப் பறிக்க ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறேன். வெயில் காலத்தில் மாடியில் தண்ணீர் ஊற்றி வளர்க்கத் தகுந்தது என்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான். முல்லைக்குக் கவாத்து ஜனவரிக் கடைசியில், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசியில். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

மிளகாயை இப்போது 9 அங்குலப் பையில்தான் வைக்கிறேன். தூக்க முடிகிற எடை. பங்குனிக் கடைசி வாரம் என் மகன் மாடியிலிருந்து பதினாலு பைகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கொல்லையில் முருங்கை நிழலில் வரிசையாக வைப்பான். புரட்டாசியில் முதல் இடி இடித்த மறுநாள் அவற்றையே திரும்ப ஏற்றுவான். சென்ற பங்குனியில் இறக்கிய ஒரு காந்தாரி மிளகாய்ச் செடிக்கு இது மூன்றாவது வருடம். இன்று காலையிலும் அதில் ஒரு கைப்பிடி பறித்தேன்.