திறக்க மறுக்கும் டெர்மினல்: உபுண்டுவோடு சில ஆண்டுகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தின் கணக்கு முழுவதும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் போகும் பச்சைத் தேயிலையின் எடையைக் கூட்டுவதும், கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுப்பதும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஓடும் ஸ்கிரிப்டுகள் என்ற சிறு நிரல்கள்தான். வேகத்தில் குறையில்லை. என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று: உபுண்டுவோடு வரும் டெர்மினலான க்னோம் டெர்மினல் திறக்காமல் போனால் காரணம் சொல்லாது. ஐகானை அழுத்தினால் சிறிது நேரம் சுழலும், பிறகு ஒன்றுமே நடக்காது.

முதல் முறை அப்படி ஆனபோது, நீக்கிவிட்டு மறுபடி நிறுவு என்றார்கள். ஐப்பசி மழையில் மின்சாரமும் இணையமும் கைகோத்துக்கொண்டு போகும் ஊரில் சொல்லக்கூடிய யோசனையா இது! நான் கண்ட இரண்டு காரணங்களுக்கும் அது பயன்படாது. கோளாறு டெர்மினலுக்கு வெளியே இருக்கிறது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், சாளரங்கள் இல்லாமல் கட்டளைகளை மட்டும் ஏற்கும் கருந்திரை வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் வேண்டும். அங்கே உள்நுழைந்து டெர்மினலின் பெயரைத் தட்டினேன். பைத்தான் என்ற நிரல்மொழியின் பிழைச்செய்தி வந்து விழுந்தது. உபுண்டுவில் அந்தக் கட்டளையே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதற்குத் தேவையான, க்னோமின் வசதிகளைப் பைத்தானுக்குத் தரும் ஜிஐ நூலகம் 22.04 உடன் வரும் பைத்தான் 3.10க்கென்று தொகுக்கப்பட்டது. அக்கா மகன் படிப்புக்காக 3.11ஐ நிறுவி, அதையே இயல்பான பைத்தான்3 ஆக்கியிருந்தான். பைத்தான்3 என்ற பெயர் சுட்டும் பதிப்பை 3.10க்குத் திருப்பியதும் டெர்மினல் திறந்தது. இப்போது அவனுக்குத் கணினியின் பைத்தானைத் தொடாத தனி இடமாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டு; அதற்குள் எந்தப் பதிப்பையும் வைத்துக்கொள்ளட்டும்.

பின்னொரு நாள் அதே மௌனம். இம்முறை பைத்தான் ஒழுங்காக இருந்தது. பிழைகளைக் குறித்துவைக்கும் கணினியின் பதிவேட்டைப் புரட்டியபோது, யூடிஎஃப்-8 அல்லாத லோக்கேலை ஏற்க முடியாது என்ற வரி கிடைத்தது. லோக்கேல் என்பது மொழி, எழுத்துமுறை அமைப்பு; யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை. அமைப்பில் குறிப்பிட்டிருந்த லோக்கேல் உருவாக்கப்படாமலே இருந்ததுதான் காரணம். லோக்கேல்-ஜென் கட்டளையால் அதை உருவாக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் சரியாயிற்று. வெளியேறாமல் சோதித்தால் பழைய அமைப்பே தொடரும்.

எக்ஸ்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினலையும் நிறுவி வைத்திருக்கிறேன். அது பைத்தானையும் நம்பியில்லை, லோக்கேலுக்காக அடம்பிடிப்பதுமில்லை. தமிழ் எழுத்துகள் அதில் சிதறித்தான் தெரியும். பழுது பார்க்கிற நேரத்தில் அது பெரிய குறையில்லை.