பாசிமணிச் சரத்தில் ஒரு புரதம்: பிரிக்பீல்ட்ஸ் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் டியூஷன் மையம், ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரணுவியலைத் தமிழில் விளக்கும் சனிக்கிழமை வகுப்பொன்றை நடத்துகிறது. மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நான், அக்காள் மகளுக்குத் துணையாகப் போய், ஆசிரியையின் அனுமதியுடன் பின்வரிசையில் மூன்று மணி நேரமும் அமர்ந்திருந்தேன். அன்றைய பாடம் யூபிகுவிட்டினும் ரைபோசோம் புரதங்களும்.

ரைபோசோம் புரதங்களை ஆக்கும் இடம், யூபிகுவிட்டின் வேண்டாத புரதங்களை அழிவுக்கு அனுப்பும் முத்திரை என்று இரண்டையும் தனித்தனியாகவே நான் படித்திருந்தேன். ஆசிரியை அவற்றை ஒரே நூலில் கோத்துக் காட்டினார். முதலில் யூபிகுவிட்டினுக்கு 76 மணிகள், மணிக்கு ஓர் அமினோ அமிலம். அவற்றுள் லைசின் என்னும் அமினோ அமிலம் அமையும் ஏழு இடங்களில் மட்டும் சிவப்பு, மற்றவை வெள்ளை. பிறகு ஒரு முடிச்சு. அதன்பின் 52 நீல மணிகள். யூபிஏ52 என்னும் மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் இப்படி ஒட்டிப் பிறக்கிறது என்றும், நீலப் பகுதி ரைபோசோமின் பெரிய துணை அலகில் சேரும் எல்40 புரதம் என்றும் சொல்லி, நொதி வெட்டுவதைப் போல முடிச்சருகே கத்தரித்தார். ஆர்பிஎஸ்27ஏ மரபணுவும் இதே முறையில் யூபிகுவிட்டினோடு சிறிய துணை அலகுக்கான எஸ்27ஏ புரதத்தைத் தருகிறது. "அப்படியானால் ரைபோசோம் கட்டும்போதே முத்திரையும் தயாராகிறது, இல்லையா சித்தி?" என்று பிள்ளை என் பக்கம் திரும்பிக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

யூபிகுவிட்டினைப் படிப்படியாக மற்றப் புரதங்களில் பூட்டும் இ1, இ2, இ3 நொதிகளை அவர் விரைவாகவே கடந்தார். 2004ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்த அழிவுமுறையைக் கண்டறிந்தவர்களுக்கும், 2009ஆம் ஆண்டின் பரிசு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் உள்ளிட்ட மூவருக்கு ரைபோசோமின் அமைப்பு, செயல்பாடு குறித்த ஆய்வுக்கும் கிடைத்ததைச் சொல்லி, உயிரணுப் பிரிவைத் தடுக்கவல்ல பி53 புரதத்தைப் பற்றிய பகுதிக்கு வந்தார். எம்டிஎம்2 என்னும் இ3 நொதி, பி53 புரதத்துக்கு யூபிகுவிட்டினைப் பூட்டி அதை அழிவுக்கு அனுப்பும். ரைபோசோம் கட்டுமானம் தடைபடும்போது, சேரவேண்டிய இடமின்றி நிற்கும் எல்5, எல்11 என்னும் ரைபோசோம் புரதங்கள் 5எஸ் என்னும் ரைபோசோம் ஆர்என்ஏவோடு சென்று எம்டிஎம்2வைப் பிடித்துக்கொள்ள, பி53 பெருகி உயிரணுப் பிரிவை நிறுத்துகிறது. ரைபோசோம் புரத மரபணுக்களின் பழுதால் வரும் டயமண்ட்-பிளாக்ஃபன் இரத்தசோகையில் சிவப்பணு உற்பத்தி குன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று அவர் விளக்கியபோது, ஆய்வுக்கூடத்தில் நான் அன்றாடம் பார்க்கும் இரத்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் வேலை எனக்குத் துலங்கியது.

40 ரிங்கிட் கட்டணத்துக்கு இது மிக நல்ல வகுப்பு என்று துணிந்து சொல்வேன். அச்சிட்ட குறிப்புகள்தான் அந்தத் தரத்தில் இல்லை. யூபிகுவிட்டின் பூட்டப்பட்ட புரதம் எப்போதும் அழிக்கப்படும் என்று அவற்றில் எழுதியிருப்பது தவறு. 48ஆவது இடத்து லைசின் வழியாக ஒன்றோடொன்று இணைந்து நீளும் யூபிகுவிட்டின் சங்கிலி, புரதத்தைப் பெரும்பாலும் அதைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு இட்டுச் செல்லும். 63ஆவது இடத்து லைசின் வழியாக நீளும் சங்கிலியோ டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கும் சமிக்ஞைகளுக்கும் பயன்படுகிறது. இதை ஆசிரியை வாய்மொழியாகத் திருத்தினார். ஆனால் அன்று வராத மாணவர்களின் கையில் தவறான தாள்தான் இருக்கிறது. அடுத்த அச்சில் மையம் இதைத் திருத்தவேண்டும். படங்களையும் வண்ணத்தில் அச்சிடவேண்டும். கறுப்பு வெள்ளைத் தாளில் 48ஆவது இடத்துச் சிவப்பு மணியைத் தேடி என் அக்காள் மகள் ஒவ்வொன்றாக எண்ணவேண்டியிருந்தது.