சக்கரைத் தண்ணீரில் மைக்கோரைசா பெருகாது: அந்தப் போத்தலை வாங்காதீர்கள்

"வாசனைப் பயிருக்கு உயிர்ப்பசளை" என்று சொல்லி ஒரு லீற்றர் போத்தல் மலையகத்தில் வீடு வீடாக விற்கிறார்கள். லேபலில் மைக்கோரைசா, அதாவது வேரோடு கூடி வாழும் பூஞ்சணம். 200 லீற்றர் பீப்பாயில் சக்கரை கரைத்து ஊற்றினால் ஒரு வாரத்தில் நூறு மடங்காகுமாம். மாத்தளைப் பக்கம் இஞ்சி, மஞ்சள் போட்டவர்கள் நம்பி வாங்கி ஊற்றினார்கள். கிழங்கும் அழுகியது, காசும் போயிற்று.

பொய் அந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. ஆர்பஸ்குலர் என்ற வகை மைக்கோரைசா உயிருள்ள வேருக்குள் புகுந்து, செடி கொடுப்பதைத் தின்றுதான் பெருகும். வேரில்லாத பீப்பாயில் நுரைத்து வருவது ஈஸ்ட்டும் கண்ட கண்ட பற்றீரியாவும். நல்ல சரக்கு பெரும்பாலும் மணலோ வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளோ வேர்த்துண்டோடு கலந்த தூளாக இருக்கும்; சட்டியில் புல்லோ சோளமோ வளர்த்து எடுப்பது. அதை நாற்றுப் பையில் வேர் தொடும் இடத்தில் இட வேண்டும், இலையில் தெளித்துப் பயனில்லை. முச்சுப்பர் பொசுபேற்று (TSP) உரத்தை அள்ளிப் போட்ட மண்ணில் வேர் இந்தப் பூஞ்சணத்தை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது. "கோவாவுக்கும் இதையே ஊற்றுங்கள்" என்று சொன்னால் ஆளை அனுப்பிவிடலாம். லீக்ஸ் வேர் மைக்கோரைசாவை ஏற்கும், கோவாக் குடும்பம் ஏற்காது.

வெட்டிவேரைக் காட்டியும் விற்கிறார்கள். அந்த எண்ணெயின் மணத்தில் வேருக்குள் வாழும் பற்றீரியாவுக்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியது உண்மைதான். அது செடிக்குள் முன்பே குடியிருக்கும் கூட்டம். போத்தலை ஊற்றினால் எண்ணெய் இரட்டிப்பாகும் என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

இதே ஆட்கள் கொண்டுவரும் ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) பக்கற்றில் தயாரித்த திகதியைப் பாருங்கள். கடை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தது பெரும்பாலும் செத்த மாவு. சந்தேகம் என்றால் அரைவேக்காட்டுச் சோற்றை ஆறவைத்து இரண்டு பொலித்தீன் பைகளில் போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை தூவி, தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். உயிருள்ளதானால் சில நாளில் வெள்ளையாகப் படர்ந்து பச்சையாகும். நுவரெலியாக் குளிரில் இன்னும் இழுக்கும். தூவாத பையும் பச்சையானால் சோதனை செல்லாது. பச்சை கண்டதும் குதிக்கவும் வேண்டாம், வேறு பூஞ்சணமும் பச்சையாக வரும். ஒன்றுமே முளைக்காவிட்டால் மட்டும் முடிவு நிச்சயம்.

பலர் ஏமாறுவது இன்னோர் இடத்தில். இஞ்சி வாடினால் முதலில் தண்டை அறுத்து, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுகம் மட்டும் நனையப் பிடியுங்கள். பால் போல நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல். ட்ரைக்கோடெர்மாவை மூட்டையாகக் கொட்டினாலும் நிற்காது. செடியைக் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் கீழ்ப் பாத்திக்குப் போகாமல் மறியுங்கள். பால் இறங்காமல் தண்டடி மெதுவாகி நாறினால் பித்தியம் என்ற மண்கிருமியால் வரும் அழுகலாக இருக்கலாம். அதற்கும் ட்ரைக்கோடெர்மாவை நடும்போதே கூட்டெருவோடு கலந்து இட்டிருந்தால்தான் பலன். மாங்கோசெப் போன்ற பூஞ்சணக்கொல்லி ஊற்றிய கையோடு இட்டால் அதுவும் பாதிக்கப்படலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் போத்தலை வீசாதீர்கள். லேபல், பில், மிச்சத் திரவம் மூன்றும் இருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு முறைப்பாடு செய்யலாம். பயிர் பற்றிய கேள்விக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920.