லெஸ்னர் பாலத்தடியில் இரவு ராக்ஃபிஷ்: வழிகாட்டியுடன் கயாக் பயணம், ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில் லின்ஹேவன் முகத்துவாரத்தின் மேல் நிற்கிறது லெஸ்னர் பாலம். இலையுதிர் காலம் முற்றியதும் அதன் விளக்கடியில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் கூடும். செசபீக் வளைகுடாக்காரர்கள் வாயில் அது ராக்ஃபிஷ். இரவில் கயாக் என்ற சிறு படகில் கூட்டிப்போய் அதைப் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு சேவையைப் பற்றியது இது. நான்கு மணி நேரம், ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேர், காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்கும் தூண்டில் சாமானும் அவர்களுடையவை. மீன்பிடிப்பில் குறை சொல்ல இடமில்லை. பாதுகாப்பில் இரண்டு குறைகள் உண்டு, இரண்டும் சின்னவை அல்ல.

முதல் நல்ல அறிகுறி, இவர்கள் நிரந்தரப் புறப்பாட்டு நேரம் வைத்துக்கொள்வதில்லை. நீரோட்டத்தைப் பார்த்துத்தான் நேரம் சொல்கிறார்கள். முகத்துவாரத்தில் நீர்மட்டம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. மட்ட அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் செத்த தண்ணீரில் உட்கார்ந்திருக்க நேரும். வற்றம் (நீர் இறங்குவது) தொடங்கி ஓட்டம் பிடிக்கும்போது உள்ளாற்றின் பொடிமீன்களெல்லாம் பாலத்தடி வழியாக வளைகுடாவுக்கு இழுபடும். அதுதான் வேட்டை நேரம்.

பாலத்து விளக்கு தண்ணீரில் விழுகிறது. பாலத்தின் நிழல் அதைக் கத்தரித்தாற்போல ஒரு கோடு போடுகிறது. ராக்ஃபிஷ் அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே, இருட்டில், ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். வெளிச்சத்திலிருந்து மிதந்து வரும் இரை கோட்டைத் தாண்டியதும் கவ்வும். ஆகவே ஓட்டம் வந்து மோதும் பக்கத்து விளிம்புதான் வேண்டும்: வற்றத்தில் தெற்கு விளிம்பு, ஏற்றத்தில் வடக்கு. இந்த வழிகாட்டி கயாக்கை இரண்டு தூண்களுக்கு நடுவே, பாலத்தின் அடியில், முகப்பு ஓட்டத்தைப் பார்க்க நிறுத்தச் சொல்கிறார். காரணம் இரண்டு. மீன் முன்னால் பார்த்து நிற்பதால் பின்னாலிருக்கும் கயாக் அதன் கண்ணில் படாது. பெடலை நிறுத்தினாலும் தூண்களின் இடைவெளி வழியாக நேரே பின்னால் மிதந்து வெளியேறலாம். விளக்குப் பக்கம் நின்று பாலத்தை நோக்கி எறிபவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். ஒரு மீன் மாட்டி கவனம் சிதறினால் ஓட்டம் அவர்களைத் தூணில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தரும் சாமான் வேலைக்கு ஏற்றது: 7 அடி மீடியம் ராடு, 3000 அளவு ரீல், 15 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), முனையில் லீடராக 3 அடி 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நூல். வால் ஆடும் 4 அங்குல வெள்ளை ரப்பர் மீனுக்கு 10 கிராம் ஜிக் தலை, அதாவது எடைத் தலையுள்ள கொக்கி. ஓட்டம் வலுத்தால் 14 கிராம். மேலோட்டத்துக்குச் சாய்வாக எறிந்து, மூன்று நான்கு எண்ணி, நூலின் தொய்வை மட்டும் சுற்ற வேண்டும். ஜிக்கைத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், ரீல் அல்ல. புதிதாக வருபவர்கள் வேகமாகச் சுற்றிக் கெடுப்பது இங்கேதான். நூல் திடீரென்று தளர்ந்தால் மீன் கவ்விக்கொண்டு உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். உடனே சுற்றி இழுங்கள்.

மாட்டிய மீன் தூணுக்கே ஓடும். அங்கே ஒட்டியிருக்கும் சிப்பியும் கொட்டலசும் பிரெய்டை நொடியில் அறுக்கும். ராடை மேலே தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, பெடல் மிதித்துக் கயாக்கையே நகர்த்தி மீனை வெளியே இழுக்க வழிகாட்டி கற்றுத்தருகிறார். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் தடவிப் பார்க்கவும் வைக்கிறார். கயாக் பக்கவாட்டில் தூணோடு ஒட்டிக்கொண்டால் தூணை நோக்கிச் சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் கயாக்கின் மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். இதைக் கரையிலேயே செய்துகாட்டியது மெச்சத்தக்கது.

இனி குறைகள். டிசம்பரில் இங்கே தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். இவர்கள் கொடுப்பது நியோப்ரீன் வேடர்ஸ் என்ற ரப்பர் உடை. நெஞ்சுவரை வரும் அதில் விழுந்தால் மேல்வழியாக நீர் புகும். கழுத்திலும் மணிக்கட்டிலும் அடைப்புள்ள டிரைசூட் என்ற நீர்புகா உடைதான் இந்தக் குளிருக்குச் சரி. சொந்தமாக இல்லையென்றால் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது அக்டோபரில் போங்கள்.

இரண்டாவது குறை, அபாய விளக்கு வழிகாட்டியிடம் மட்டுமே இருக்கிறது. கடலோர நீரில் சூரியன் மறைந்த பிறகு 16 அடிக்குக் குறைந்த படகும் இரவு அபாயச் சமிக்ஞை வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. ஒவ்வொரு கயாக்கும் தனிப் படகு. அங்கீகாரம் பெற்ற மின் எஸ்ஓஎஸ் விளக்கு ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். கம்பத்தின் மேல் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கை எல்லாக் கயாக்கிலும் முறையாகப் பொருத்தியிருந்தார்கள், கண்ணைக் கூசாதபடி முதுகுக்குப் பின்னால். நெற்றி விளக்கு சிவப்பில்தான் எரிய வேண்டும். நிழல் கோட்டில் வெள்ளை ஒளி பட்டால் அந்த இடத்து மீன் கலைந்துவிடும்.

மீனை நடத்தும் விதத்துக்காகவே இவர்களைச் சிபாரிசு செய்யலாம். இந்த இனம் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதென்று 2019இல் அறிவிக்கப்பட்டது. வளைகுடாவின் மேரிலாந்துப் பக்கம் அதன் பிறகு குஞ்சுப் பெருக்கமும் சரியில்லை. விட்டுவிடும் மீனில் 9 சதவீதம் செத்துப்போவதாகவே இருப்புக் கணக்கு போடுகிறார்கள். எனவே ஒற்றைக் கொக்கி, முள் நசுக்கியது. முடிச்சில்லாத ரப்பர் வலை. படம் எடுக்கும்வரை மீன் தண்ணீருக்குள். வளைகுடாவில் 2024 முதல் ஆளுக்கு ஒன்று, 19 முதல் 24 அங்குலம் வரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். நனைத்த பலகையில் வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்கிறார்கள். 24க்கு ஒரு நூலிழை கூடினாலும் தயங்காமல் தண்ணீரில் விடுகிறார்கள்.

பெடல் கயாக்கில் பகலில் நான்கைந்து முறையாவது ஓட்டியிராதவர்கள் இதில் தொடங்க வேண்டாம். பதிவு செய்யுமுன் காற்றுக்கு ரத்து உண்டா என்று கேளுங்கள். முகத்துவாரம் வடக்கே திறக்கிறது. வற்றத்தின்போது வடகாற்று எதிர்த்து அடித்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துக்கு மேல் வடகாற்று என்றால் இவர்கள் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்கள்.